சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு மாற்றல்: கையெழுத்துக்கு முன்னே கேட்டு வாங்க வேண்டியவை

பன்னாட்டு நிறுவனங்களில் டிரெஷரி, பிராந்தியக் கணக்கு, வர்த்தகக் கடன் என்று நிதிப் பொறுப்பில் இருக்கும் நம் பெண்கள் பலர் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, அதே குழுமத்தின் சென்னை அலுவலகத்துக்கு மாறி வருகிறார்கள். போகும்போது விமான டிக்கெட்டிலிருந்து பிள்ளையின் பள்ளி வரை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். திரும்பும்போது ஒரு கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நான் திரும்பியபோது வரியாகவும் முடங்கிய சம்பளமாகவும் ஒரே மாதத்தில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் கையைவிட்டுப் போனது. அதில் ஒரு பகுதி மீண்டு வரவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் பேசித் தெளிவு பெற ஆள் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் "உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்" என்றார்கள். சென்னை ஆடிட்டருக்குச் சிங்கப்பூர் விதி தெரியாது, சிங்கப்பூர் ஆலோசகருக்கு இந்திய விதி தெரியாது. இனி வருகிறவர்களுக்காவது முழுக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேர் அந்த மாற்றல் கடிதத்தின் முதல் பத்தி. பெரிய குழுமங்களில் மாற்றல் இரண்டு வகை. ஒன்று வணிகத் தேவைக்காக நிறுவனம் அனுப்புவது, இன்னொன்று ஊழியரின் வேண்டுகோளின்பேரில் நடப்பது. முதல் வகையில் சாமான் அனுப்பும் செலவு, இரண்டு நாட்டு வரி ஆலோசகர், இரட்டை வரியால் வரும் இழப்பை நிறுவனம் ஏற்பது எல்லாம் கொள்கையிலேயே இருக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் மேலாளரிடம் சொன்ன அதே காலாண்டில்தான் எங்கள் பிரிவின் வேலையைச் சென்னைக்கு நகர்த்தும் முடிவும் வந்தது. கடிதத்தில் "ஊழியரின் வேண்டுகோளின்பேரில்" என்று எழுதினார்கள். அதே வேலையோடு அதே ஆண்டில் வந்த ஓர் ஆண் சகாவின் கடிதத்தில் "வணிகத் தேவை கருதி" என்று இருந்தது. அதைப் பார்த்த அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பெண் ஊருக்குத் திரும்புகிறாள் என்றாலே குடும்பத்துக்காகத்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அப்பாவையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது வெட்கப்பட வேண்டிய காரணமில்லைதான். ஆனாலும் அந்த ஒரு வாசகத்துக்கு லட்சக்கணக்கில் விலை இருக்கிறது.

ஆகவே பேச்சைத் தொடங்கும் முதல் மின்னஞ்சலே வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். உங்கள் பொறுப்பில் எது சென்னைக்கு நகர்கிறது, அதை அங்கே யார் நடத்தப் போகிறார்கள், உங்களை அனுப்பினால் ஒப்படைப்புக் காலம் எவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். குடும்பக் காரணத்தை வாய்மொழியாகச் சொன்னால் போதும். சென்னை அலுவலகத்தின் நிதித் தலைவரிடமிருந்து இந்தப் பதவி அனுமதிக்கப்பட்ட பதவி, நிரப்பப்பட வேண்டியது என்று ஒரு மின்னஞ்சல் வாங்கிவிட்டால் எச்ஆர் பிரிவு "வேண்டுகோள்" என்று எழுதுவது கடினம். கடிதத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: வெஸ்ட் ஆகாத ஆர்எஸ்யூக்கள் (நிறுவனம் ஊழியருக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட பங்குகள்; குறித்த தேதியில் அவை உங்கள் கைக்கு வருவதே வெஸ்ட் ஆவது) தொடர்கின்றன என்ற வாசகம், அவற்றின் மீது இரண்டு நாட்டிலும் விழும் வரியில் மிகுதியை நிறுவனம் ஏற்கும் என்ற வாசகம், திரும்பிய பின் இரண்டு ஆண்டுக்கு இரு நாட்டு வரிக் கணக்கையும் தாக்கல் செய்யும் ஆலோசகர் கட்டணம், சிங்கப்பூரில் உழைத்த மாதங்களுக்கான போனஸ் எந்த நாணயத்தில் எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும் என்பது, குழுமத்தின் கிரேடு மாறாது என்பது. இதில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், ஆர்எஸ்யூ மீதான மிகுதி வரியை நிறுவனம் ஏற்கும் என்ற வாசகத்தைக் கேளுங்கள். அடி பலமாக விழுவது அங்கேதான்.

ஏன் என்று புரிய, சிங்கப்பூர் வரி நடக்கும் விதம் தெரிய வேண்டும். அங்கே மாதாமாதம் டிடிஎஸ் கிடையாது. இந்த ஆண்டுச் சம்பளத்துக்கு அடுத்த ஆண்டு நோட்டீஸ் வரும், பெரும்பாலோர் அதைக் கைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) வழியாகப் பன்னிரண்டு தவணையில் கட்டுவார்கள். வெளிநாட்டவர் வேலையை விட்டாலோ வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டாலோ, கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே நிறுவனம் ஐஆர்21 படிவத்தை (வெளியேறுபவரின் வரிக் கணக்கை முடிப்பதற்கானது) உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் போகப் போகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சம்பளம், போனஸ், விடுப்புப் பணம் அத்தனையையும் நிறுத்தி வைக்கவும் வேண்டும். இது சட்டம், மேலாளரிடம் கெஞ்சிப் பயனில்லை. அந்த நேரத்தில் போன ஆண்டு வரியின் மீதித் தவணைகளும் இந்த ஆண்டு வரியும் ஒன்றாகக் கேட்கப்படும். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், சாமான் கப்பல் செலவு எல்லாம் அதே வாரங்களில் வந்து நிற்கும். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைச் சம்பளக் கணக்கை நம்பாமல் தனியாக வைத்துவிட்டுத்தான் ராஜினாமாவையோ மாற்றலையோ பற்றி வாய் திறக்க வேண்டும்.

இதற்கு மேல் வருவது ஆர்எஸ்யூ. குழுமத்தை விட்டே போனால் வெஸ்ட் ஆகாதவை பெரும்பாலும் ரத்தாகிவிடும், வரியும் இல்லை. குழுமத்துக்குள் மாறினால் அவை தொடரும். அப்போது சிங்கப்பூர் ஒரு விதியைப் பயன்படுத்துகிறது: இன்னும் உங்கள் கைக்கு வராத பங்குகளும், வேலை முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகக் கருதப்படும். அன்றைய சந்தை விலையில் வரி விழும். கிரான்ட் (பங்கு தருவதாக நிறுவனம் ஒதுக்குவது) அதற்குப் பின் நடந்திருந்தால் கிரான்ட் நாள் விலை. குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாத எல்லாருக்கும் இது உண்டு. ஓர் எடுத்துக்காட்டு: வரிக்குரிய வருமானம் 2,40,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) என்றால் 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து உள்ள விகிதத்தில் வரி 28,750 வெள்ளி. வெஸ்ட் ஆகாத பங்குகளின் மதிப்பு 1,20,000 வெள்ளி என்று வைத்தால், அடுத்த 40,000க்கு 19.5 சதவீதம், அதற்கடுத்த 40,000க்கு 20 சதவீதம், மீதி 40,000க்கு 22 சதவீதம் என்று கூடுதலாக 24,600 வெள்ளி வரும். ஒரு வெள்ளிக்கு 62 ரூபாய் போட்டாலும் 15 லட்சத்துக்கு மேல். ஒரு பங்கைக்கூட விற்க முடியாது, ஏனென்றால் எதுவும் கைக்கு வரவில்லை. கையிருப்பிலிருந்து கட்ட வேண்டும். அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். இத்தனை ஆண்டு இந்தத் துறையில் இருந்தும் இந்த விதியை ஒருவரும் என் காதில் போட்டதில்லை.

இதைத் தணிக்க மூன்று வழி உண்டு. முதலாவது, நிறுவனம் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் அனுமதி பெற்று, பங்குகள் உண்மையில் வெஸ்ட் ஆகும்போது தகவல் தந்து வரி கட்டும் ஏற்பாட்டில் சேர்வது. டிராக்கிங் ஆப்ஷன் என்பார்கள். அதில் உங்கள் நிறுவனம் சேர்ந்திருக்கிறதா என்று பேரோல் (சம்பளப் பட்டியல்) பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். எச்ஆருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. இரண்டாவது, கடைசி வேலை நாளைப் பெரிய வெஸ்டிங் தேதிக்குப் பின் வைப்பது. சிங்கப்பூரில் இருக்கும்போதே வெஸ்ட் ஆனால் பங்கு கையில் இருக்கும், கொஞ்சம் விற்று வரி கட்டலாம். நீங்கள் அப்போது இந்திய வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியாக இருந்தால், சிங்கப்பூரில் செய்த வேலைக்காகக் கிடைத்த அந்தப் பங்குகள் மீது இந்தியாவில் வரியே வராது. மூன்றாவது, பின்னால் விலை இறங்கி, உண்மையில் கிடைத்த லாபம் கருதப்பட்டதைவிடக் குறைந்தால் மறுமதிப்பீடு கேட்பது. அதற்கு நான்கு ஆண்டு வரம்பு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டு ஒப்பந்தத்தில் டிப்ளோமேட்டிக் கிளாஸ் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தமானால், வழக்கமாக முதல் 12 மாதம் முடிந்த பின் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். ஏஜென்ட் கமிஷனில் மீதிக் காலத்துக்கான பங்கை வீட்டுக்காரருக்குத் திருப்ப வேண்டியிருக்கும். அந்தப் பிரிவைப் பயன்படுத்த நிறுவனம் மாற்றியதற்கான கடிதம் கேட்பார்கள். "வேண்டுகோளின்பேரில்" என்ற சொல் இங்கேயும் வந்து குறுக்கே நின்றது, அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தான பின் தங்கக் கிடைப்பது 30 நாள். குடும்பத்தினரின் டிபென்டன்ட் பாஸ்களும் உங்கள் பாஸோடு சேர்ந்து போய்விடும். 2021 மே 1 முதல் டிபென்டன்ட் பாஸில் இருக்கும் கணவர் வேலை பார்க்கத் தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும் என்பதால், அப்படி எடுத்தவர் மட்டும் அவர் பாஸில் தங்கலாம். பிள்ளையின் பள்ளிப் பருவம் முடியும்வரை அவர் பாஸுக்குக் கீழே பிள்ளையை மாற்ற முடியுமா என்று முன்பே பாருங்கள்.

இந்தியப் பக்கம் எல்லாம் நாள் கணக்கு: எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதை வைத்தே வரிக்கு உள்நாட்டுவாசியா வெளிநாட்டுவாசியா என்று முடிவாகும். வெளிநாட்டில் இருப்பவர்கள் 182 நாள் என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அது, ஊருக்கு வந்து போகும் இந்தியக் குடிமக்களுக்கான சலுகை. நிரந்தரமாகத் திரும்பும் ஆண்டில் வேறு சோதனையும் உண்டு: அந்த நிதியாண்டில் 60 நாள், அதோடு முந்தைய நான்கு ஆண்டில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால் நீங்கள் உள்நாட்டுவாசி. பிப்ரவரி 1 அன்று வந்து இறங்கினால் மார்ச் 31 வரை 59 நாள்தான், லீப் ஆண்டில் 60. அந்த நிதியாண்டில் அதற்கு முன் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ வந்திருந்தால் அந்த நாட்களும் சேரும். வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்து, ஆர்என்ஓஆர் என்ற இடைநிலை. உள்நாட்டுவாசியாக இருந்தும் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் வரி இல்லாத ஆண்டுகள் இவை. முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய ஏழு ஆண்டில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்குள் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து முழு நிதியாண்டு வெளியே இருந்து, ஒரு நாள்கூட ஊருக்கு வராமல் இருந்தாலும், மீதி இரண்டு ஆண்டின் 730 நாள் வரம்பைத் தாண்டிவிடும். ஆறு ஆண்டு வெளியே இருந்தவருக்கும் ஊர் வந்து போக 364 நாள்தான் இடம். பெண்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். சிங்கப்பூரில் குழந்தை அந்நாட்டுக் குடிமகனாக இல்லாவிட்டால் பேறுகால விடுப்பு 12 வாரம்தான். அதோடு சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்துக்கொண்டு அம்மா வீட்டில் வந்து தங்குவோம். பிறகு பெற்றோரின் அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம், பிள்ளையின் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம். அந்த நாட்கள்தான் என் ஆர்என்ஓஆர் நிலையைத் தின்றன. கூட இருந்த ஆண்களுக்கு இரண்டு ஆண்டு கிடைத்தது, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வராதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாட்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள், போர்டிங் பாஸ்களையும் பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கி எறியாதீர்கள், திரும்பும் தேதியை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சென்னைக்கு வந்த பின் ஆர்எஸ்யூ வெஸ்ட் ஆகும்போது அது சம்பளத்தின் பகுதியாக இங்கே வரிக்கு வரும். வெளிநாட்டுச் சந்தையில் மட்டும் உள்ள பங்கு என்பதால் முதல் வகை மெர்ச்சன்ட் பேங்கர் (பங்கு மதிப்பீடு செய்யும் நிதி நிறுவனம்) தரும் மதிப்பே கணக்கு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40,000 வெள்ளி, விலை மாறாமல் வெஸ்ட் ஆனால் சுமார் 24.8 லட்சம் ரூபாய். 30 சதவீத வரியும் 10 சதவீத சர்சார்ஜும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்தால் 34.32 சதவீதம், அதாவது எட்டரை லட்சம். சிங்கப்பூரில் ஏற்கெனவே வரி கட்டிய அதே பங்குகள் இவை. பேரோல் மென்பொருளுக்கு அது தெரியாது, முழுத் தொகைக்கும் டிடிஎஸ் பிடித்துவிடும். ஆர்என்ஓஆர் உள்ளவர்கள், கிரான்ட் முதல் வெஸ்ட் வரை எந்த நாட்டில் எத்தனை நாள் உழைத்தோம் என்று பிரித்து, சிங்கப்பூர் பங்கை வரியிலிருந்து விலக்கிக் காட்டுவது ஆடிட்டர்கள் பின்பற்றும் வழக்கம். அந்தப் பிரிப்புத் தாளை வெஸ்டிங் தேதிக்கு முன்பே பேரோலுக்குக் கொடுங்கள். பின்னால் கொடுத்தால் ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆர்என்ஓஆர் இல்லாதவர்களுக்கு இந்தியா–சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி வரவு (அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்வது) கிடைக்கும். அதற்குப் படிவம் 67. சிங்கப்பூர் வரியைப் போன ஆண்டே கட்டியிருந்தாலும், அந்த வருமானம் இந்தியாவில் எந்த ஆண்டு வரிக்கு வருகிறதோ அந்த ஆண்டில்தான் வரவு கேட்க முடியும். இரண்டு நாட்டு வரியில் எது குறைவோ அதுவே கிடைக்கும். நாணய மாற்றுக்கு, சிங்கப்பூர் வரி கட்டிய மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் பேங்க் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விகிதம். சிங்கப்பூர் நோட்டீஸ் ஒரே மொத்தத் தொகையாக இருக்கும். எந்த கிரான்டுக்கு, எந்த வெஸ்டிங்குக்கு எவ்வளவு வரி என்று பிரித்த ஐஆர்21 இணைப்பையும், வரி கட்டிய ரசீதையும் சிங்கப்பூரை விட்டுக் கிளம்புமுன் கையில் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து முன்னாள் அலுவலகத்திடம் அந்த இணைப்பைக் கேட்டு அலைந்தது பெரிய வேதனை. படிவ எண்கள் 1961 சட்டத்தின்படி சொன்னேன். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருப்பதால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் புதிய எண்களைப் பாருங்கள்.

வங்கி விஷயம் சுருக்கமாக: திரும்பியதும் என்ஆர்இ கணக்கை (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கு) உள்நாட்டுக் கணக்காகவோ ஆர்எஃப்சி கணக்காகவோ (வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் உள்நாட்டுவாசிக் கணக்கு) மாற்ற வேண்டும். வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்த பங்கையும் வங்கிக் கணக்கையும் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு தொடர்ந்து வைத்திருக்க அனுமதிக்கிறது. முழு உள்நாட்டுவாசி ஆன ஆண்டு முதல் ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்) கட்டாயம். அது ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கைக் கேட்கும், நிதியாண்டை அல்ல. வெஸ்ட் ஆன பங்கு, புரோக்கர் கணக்கு, சிங்கப்பூர் வங்கிக் கணக்கு மூன்றையும் காட்டுங்கள். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. அமெரிக்கப் பங்கு என்றால் புரோக்கரிடம் டபிள்யூ-8பிஇஎன் படிவத்தை (எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்று அறிவிப்பது) இந்திய முகவரியோடு புதுப்பியுங்கள். அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால் சிங்கப்பூரில் இருந்தபோது டிவிடெண்டில் 30 சதவீதம் பிடித்தார்கள், இந்திய ஒப்பந்தப்படி 25. இன்னொன்று, அமெரிக்கக் குடிமகனோ அங்கு வசிப்பவரோ அல்லாதவர் இறந்தால், அமெரிக்கப் பங்குகளில் 60,000 டாலருக்கு மேற்பட்டதற்கு 40 சதவீதம் வரை மரணச் சொத்து வரி உண்டு. ஒரே நிறுவனத்தின் பங்கைக் குவித்து வைத்திருக்கும் பெண்கள் இதை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிராந்தியப் பொறுப்பைச் சென்னையிலிருந்து தொடர்வதாகச் சொல்லி அழைப்பார்கள். பட்ஜெட் கையெழுத்து அதிகாரம், நேரடியாக யாருக்குக் கீழே, எத்தனை நாட்டுக் கணக்கு என்ற மூன்றும் கடிதத்தில் இல்லையென்றால், ஒரு காலாண்டுக்குள் அந்தப் பொறுப்பு சிங்கப்பூரில் இருக்கும் வேறொருவரிடம் போய்விடும், உங்களிடம் மாதாந்திர அறிக்கை தயாரிப்பு மிஞ்சும். நேரத்தையும் பேசுங்கள். சிங்கப்பூரின் காலை ஒன்பது மணி நமக்கு ஆறரை. பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில் வாரம் ஐந்து நாள் கூட்டம் இருந்தால் ஆறு மாதத்தில் உடம்பு சொல்லிவிடும். சிங்கப்பூர் நேரம் பதினொன்றரைக்கு முன் கூட்டம் வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். பழகிய பின் மாற்றுவது கடினம்.

மறுமதிப்பீட்டுக்கு வருகிறேன். நான் வந்த பின் பங்கு விலை நன்றாக இறங்கியது. ஒவ்வொரு வெஸ்டிங்கின்போதும் உண்மை விலைக்கும் சிங்கப்பூர் கருதிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிரான்ட் வாரியாக ஒரு தாளில் எழுதி, புரோக்கர் அறிக்கையையும் ஐஆர்21 இணைப்பையும் சேர்த்து விண்ணப்பித்தேன். ஒரு பகுதி திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். அதற்காகவே சிங்கப்பூர் வங்கிக் கணக்கு ஒன்றை மூடாமல் வைத்திருங்கள். கணக்கு உங்கள் பெயரில், நடப்பில், இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி வரும்படி இருக்க வேண்டும். அந்த எண்ணை மாற்றும் வேலையைச் சிங்கப்பூர் சிம் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். திரும்பி வந்த தொகைக்கு ஏற்கெனவே இந்தியாவில் வரவு எடுத்திருந்தால், அதை உங்கள் ஆடிட்டரிடம் அந்த மாதமே சொல்லி, படிவம் 67ஐயும் ரிட்டர்னையும் திருத்தச் சொல்லுங்கள்.